மெட்ராஸ் புழுக்கத்தில் வேப்பிலை

மெட்ராஸில் பஸ்ஸை விட்டு இறங்கிய காலையில் எனக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வெயில் இன்னும் வரவில்லை. வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆனால் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது, தாவணி தோளில் நனைந்த துணியாகத் தொங்கியது. நான் ஓடவுமில்லை, எதையும் தூக்கவுமில்லை. மாம்பழமும் கேழ்வரகு மாவும் இருந்த பையை அப்பாதான் வைத்திருந்தார். சும்மா நின்ற இடத்தில் வியர்த்தது. துடைத்தேன். துடைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி வந்தது.

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்தார்.

"மழ வரும் கண்ணு. இந்தப் புழுக்கத்துக்கு சாயங்காலம் ஊத்தித் தள்ளப் போவுது."

நான் நம்பினேன். மழை விஷயத்தில் அப்பா சொல்லித் தவறியதை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் தர்மபுரிக்குப் பக்கத்தில், அதியமான்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சித்திரை, வைகாசி அங்கேயும் கொளுத்தும். ஆனால் அது வெக்கை. அடுப்பு வாய்க்கு எதிரே உட்கார்ந்தது போல இருக்கும். வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும். பொழுது சாயும்போது ரவிக்கையில் வெள்ளையாக ஓர் உப்புக்கோடு மட்டும் நிற்கும். புழுக்கம் என்பது வேறு. அது எப்போதோ ஒரு மத்தியானம் வரும். காற்று நின்று, உடம்பு கசகசத்து, மாடு மேயாமல் நின்றால், வத்தல்மலைப் பக்கம் கருக்கிறது என்று அர்த்தம். இருட்டுவதற்குள் கோடைமழை ஒன்று அடித்துவிட்டுப் போகும். புழுக்கமும் அதோடு போய்விடும். வந்தால் மழையோடு வரும், மழையோடு போகும் என்பதுதான் புழுக்கத்தைப் பற்றி நாங்கள் அறிந்தது. ஒரு ஊரில் அது விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

நாங்கள் போனது அக்கா வீட்டுக்கு. அக்காவுக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன். பிரசவம் எங்கள் வீட்டில்தான். ஐந்தாம் மாதம் மாமா வந்து இருவரையும் அழைத்துப் போனார். மாமா துறைமுகத்து லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றி வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் போனபோதும் அவர் வடக்கேதான் போயிருந்தார். அப்பா பேரனைப் பார்க்கப் புறப்பட்டார். நான் பன்னிரண்டாம் வகுப்பு பாஸாகியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அக்கா மூன்றாவதோடு நின்றுவிட்டாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு, தர்மபுரியில் இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி எனக்குத் தபாலில் அட்டை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை. நாங்கள் மெட்ராஸில் இறங்கியது அதற்கு முந்தின சனிக்கிழமை. இரண்டு நாள் இருந்து, கடலைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை திரும்புவதாகப் பேச்சு. அட்டையை வீட்டில் வைக்க மனமில்லாமல் பையிலேயே எடுத்து வந்திருந்தேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்றும் இருந்தது. உண்மையில் யாராவது கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் அக்காவின் வீடு. நீளமான நடை, இரண்டு பக்கமும் வரிசையாகக் குடித்தனங்கள், நடுவில் ஒரு அடிபம்ப். அக்காவுக்கு ஒரே அறை, அதை ஒட்டி ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு அடுப்படி. கிழக்கே பார்த்து ஒரு சன்னல். கடல் பக்கம்தான் என்றார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. மீன் வாசனை மட்டும் வந்தது.

அன்று மத்தியானம் பக்கத்துக் குடித்தனத்து அம்மா மொட்டைமாடியில் வடாம் பிழிந்து காய வைத்துவிட்டு இறங்கி வந்தார். அப்பா எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்.

"அதை எடுத்துருங்கம்மா. சாயங்காலம் மழை வருமுங்க."

அந்த அம்மா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா பெரியவரே, ஐப்பசில வர்ற மழைய இப்பவே கூட்டினு வந்துக்கினியா? வந்தா சொல்லு, நானே குடம் எடுத்துனு மேல போறேன். தண்ணி லாரிக்கு நின்னு நின்னு கால் போச்சு."

நடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் வரைக்கும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் வந்தது. பஞ்சு பஞ்சாக, அடியில் கருத்து, பார்த்தால் இப்போது விழும் என்று தோன்றும் மேகம். ஒரு சொட்டு விழவில்லை. மறுநாளும் அப்படியே. அப்பாவுக்கு வானத்தோடு பேச்சு அறுந்துபோனது போல இருந்தது. அவர் கேட்டதற்கு அது பதில் சொல்லவில்லை.

அந்த ஊரில் எதுவும் காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கரைந்து அடியில் தண்ணீர் நின்றது. பொரித்த அப்பளம் சாப்பிட்டு முடிப்பதற்குள் துணிபோல மடங்கியது. தீக்குச்சியை உரசினால் மருந்து உதிர்ந்தது. துவைத்துப் போட்ட பாவாடை மறுநாள் காலையிலும் லேசான ஈரத்தோடும் ஒரு வாடையோடும் இருந்தது. என் இன்டர்வியூ அட்டையை எடுத்துப் பார்த்தேன். மொடமொடவென்று வந்த அட்டை வெற்றிலை மாதிரி வளைந்தது. புத்தகத்தில் படித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது: நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகும். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். இங்கே ஆவியாகாவிட்டால் என்ன உண்டாகும் என்று அதில் போடவில்லை.

ஊரில் நாங்கள் செய்வதைத்தான் இங்கேயும் செய்தோம். வெயில் ஏறியதும் கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். எங்கள் ஓட்டு வீட்டில் அப்படிச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டால், மத்தியானத்தில் உள்ளே கிணற்றடி போல இருக்கும். அப்பா லாரித் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து அறையில் தெளித்தார். நான் கோணிப்பையை நனைத்துச் சன்னலில் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் அறை இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல ஆனது. என்ன தவறாகச் செய்தோம் என்று எனக்குப் புரியவில்லை. அதே சாக்கு, அதே தண்ணீர்.

பையனுக்குக் கழுத்திலும் முதுகிலும் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. வந்த அன்றே அப்பா கேட்டார்.

"வேர்க்குருதாம்ப்பா. இங்க எல்லாக் கொழந்தைக்கும் இருக்குது," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிட்டது. மணலை அள்ளித் தெளித்தது போல. பையன் பால் குடிக்காமல் அழுதான். உடம்பு அனலாக இருந்தது. ஆனால் அங்கே யார் உடம்பு அனலாக இல்லை? அப்பா அவனை மடியில் போட்டு, சட்டையை விலக்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டையை மூடினார்.

"மணல்வாரி அம்மை. ஆத்தா வந்துட்டா."

அக்கா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பையனுக்கு விரிக்க ஒரு பழைய புடவையை எடுத்தாள்.

எங்கள் ஊரில் வேர்க்குரு என்றால் கழுத்து மடிப்பில் நாலு இருக்கும். நுங்குத் தண்ணீர் தடவினால் போய்விடும். உடம்பு முழுக்க வாரியிறைத்ததை அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பையன் இருந்தான். நான் பார்த்ததில்லை. அம்மை இறங்குவதற்குள் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். அவன் பிழைக்கவில்லை. அவசரப்பட்டது அப்பா. வீட்டில் இதை யாரும் பேசமாட்டார்கள். அம்மா ஒருமுறை மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

அப்பா தெருக்கோடி மரத்திலிருந்து வேப்பிலைக் கொத்து ஒடித்து வந்து நிலையில் செருகினார். அத்தோடு வீட்டின் சட்டம் மாறியது. தாளிக்கக் கூடாது. குழந்தைக்கு ஈரத்துணிகூடப் படக்கூடாது. காற்று படக்கூடாது என்று சன்னல் இரவிலும் சாத்தியது சாத்தியபடி. வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஆத்தா வந்தபோது வீட்டில் இருந்தவர்கள், முத்து இறங்கி மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஊர் தாண்டக்கூடாது.

இது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

"அப்பா, வெள்ளிக்கெழம எனக்கு இன்டர்வியூங்கப்பா."

"தெரியும் கண்ணு."

"மூணு தண்ணின்னா அடுத்த வாரம் ஆயிடுமுங்களே."

அப்பா பையனுக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தார். விசிறுவதை நிறுத்தவில்லை. "பாக்கலாம்," என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள்.

அந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே நீண்ட மத்தியானம் போல இருந்தது. விடியும்போதே ஈரம். பத்து மணிக்கு மேற்கிலிருந்து ஒரு சூட்டுக் காற்று வரும்; அது எங்கள் ஊர்க் காற்று போலவே இருக்கும், ஏதோ உறவுக்காரர் குரல் கேட்டது போல எழுந்து உட்காருவேன். பிறகு அதுவும் நின்றுவிடும். உச்சிப்பொழுதில் எதுவும் அசையாது. நடையில் குழந்தைகள்கூடச் சத்தம் போடாமல் படுத்துக் கிடப்பார்கள். அப்புறம், இரண்டோ மூன்றோ ஆகும்போது, வெளியே யாராவது "காத்து திரும்பிச்சு" என்பார்கள். உடனே படபடவென்று எல்லாக் குடித்தனங்களிலும் சன்னல் திறக்கும் சத்தம் கேட்கும். எங்கள் சன்னல் மட்டும் மூடியிருக்கும். அக்கா அந்தச் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அது என்ன காற்று, ஏன் எல்லோரும் அதற்காகக் காத்திருந்தது போலத் திறக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆளுமில்லை. வேப்பிலையைப் பார்த்ததும் பக்கத்து அம்மா எங்கள் வாசலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார். வாசலுக்கு வெளியே அவர் வைத்துவிட்டுப் போகும் மோரைத் தவிர வேறு தொடர்பில்லை. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

புதன்கிழமை காலை தலை வாரும்போது கழுத்தில் கை பட்டது. சொரசொரவென்றிருந்தது. தாவணியை விலக்கிப் பார்த்தேன். தோள், கை மடிப்பு, இடுப்பு எல்லாம் மணல். ஊசி குத்துவது போல அரித்தது.

அக்காவிடம் காட்டினேன். அவள் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். அப்பாவிடம் காட்ட வேண்டியிருக்கவில்லை, அவரே பார்த்துவிட்டார். பார்த்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கிணறு வற்றிய வருடத்தில்கூட அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

என் நிலைமை எனக்கே விளங்கவில்லை. இது அம்மை என்றால் நான் இன்டர்வியூவுக்குப் போகவே முடியாது; போனால் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு வருவேன். வேர்க்குரு என்றால் குழந்தைக்கும் வேர்க்குருதான், நாங்கள் சாத்திய அறையில் அவனை வேகவைத்துக்கொண்டிருக்கிறோம். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கையும் சூடு, நெற்றியும் சூடு. அக்கா நெற்றியைத் தொட்டேன். அதுவும் அப்படித்தான். இத்தனை வருடம் படித்தவள், என் உடம்புக்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று காற்று திரும்பியபோது அப்பா பையனோடு கண்ணயர்ந்திருந்தார். நான் எழுந்து நடையைத் தாண்டி மொட்டைமாடிப் படி ஏறினேன். செய்யக்கூடாதது என்று தெரியும். அரிப்பு தாங்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

மேலே கால் வைத்ததும் முகத்தில் அறைந்தது போலக் காற்று. குளிர்ந்த காற்று என்று சொல்லமாட்டேன். ஈரமானது, உப்புக் கரிப்பது. ஆனால் வேகமாக வந்தது. தாவணி பின்பக்கம் பறந்தது. ஐந்து நாளில் முதல் முறையாக என் கழுத்தில் வியர்வை காய்வதை உணர்ந்தேன். கட்டடங்களுக்கும் பாரம் தூக்கும் இரும்புக் கைகளுக்கும் இடையில் தகரம் வைத்தது போல ஒரு துண்டு மின்னியது. அதுதான் கடல் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று வந்த கடல். நான் அதைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. சிவப்புகூட மங்கியது போலத் தெரிந்தது.

பக்கத்து அம்மா துணி எடுக்க வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, ஆத்தா வந்துக்கிற வூட்லேர்ந்து மேல வந்து நிக்கிற?"

"எனக்கும் வந்துருச்சுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கையை நீட்டினேன்.

"ஐயய்ய, நீட்டாத நீட்டாத. தாயே, புள்ள தெரியாம வந்துட்ச்சு, மன்னிச்சுக்கோ." பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் கீழே வந்து அப்பாவை எழுப்பினேன். சொல்ல வேண்டியதைப் படியிலேயே அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"அப்பா, மேல காத்துல நின்னா அடங்குதுங்கப்பா. உள்ள வந்தா அரிக்குது. அம்மையா இருந்தா காத்துக்கு அடங்குமா? இது வேர்க்குருதான். காத்து இல்லாமதான் இப்படி."

அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மங்கியிருந்தது அவருக்கும் தெரிந்தது.

"வேப்பங்காத்துக்கு ஆத்தா அடங்கறா இல்ல?"

"அடங்கறாங்க."

"கடக்காத்துக்கு அடங்கமாட்டாளா?"

நான் நிலையில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தேன்.

"உம்படிப்புல இதுக்குப் பதில் இருக்குதா, பாப்பா? இருந்தா சொல்லு, கேட்டுக்கறேன்."

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இருந்தால் நல்லது என்பது போல. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். இது வேர்க்குரு என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்க முடியாதது மட்டுமல்ல, எனக்கே முழு நிச்சயம் இல்லை. இறந்துபோன அந்த அண்ணனை நினைத்தேன். அவனுக்கும் யாராவது இப்படித்தான், இது ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

"இல்லீங்கப்பா," என்றேன்.

அப்பா என் கையை விட்டார். பிறகு எழுந்து கைகால் கழுவிக்கொண்டு, நிலையில் செருகியிருந்த வேப்பிலைக்கு முன்னால் போய் நின்றார். மஞ்சள் துணி ஒன்றில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்தார். எதிரே ஆள் நிற்பது போலப் பேசினார்.

"தாயே, இந்தப் புள்ள போயே ஆகணும். எங்கூட்டுல ஒருத்தரும் எழுத்து படிச்சதில்ல. இவ ஒருத்திதான். இவள வுட்டுடு. இவளுக்குப் பதிலா நான் இங்க பிணை இருக்கறேன். மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் இந்த வாசலத் தாண்டமாட்டேன். எதுன்னாலும் எங்கிட்ட கேளு."

காசு முடிச்சை நிலையில் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காலைல பஸ் ஏறு. கிருஷ்ணகிரி வண்டின்னாலும் ஏறிக்க. போர்டு படிக்கத் தெரியுமில்ல உனக்கு?"

தெரியும் என்றேன்.

மறுநாள் காலை அக்கா எனக்குத் தயிர்ச்சோறு கட்டினாள். அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும் நின்றிருந்தோம். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது வேர்க்குருவா இருந்தாலும் இருக்கும் பாப்பா."

"அன்னிக்கே நீ சொன்னே. அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டே?"

"அப்பா சொன்னப்புறம் எனக்கும் சந்தேகமாப் போச்சு." பொட்டலத்தின் நூலை இழுத்துக் கட்டினாள். "அதுமில்லாம, வேர்க்குருன்னா நீங்க திங்கக்கெழமையே கெளம்பிருப்பீங்க."

நான் அவளைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி ஒன்றை வெளியே சொன்னதில்லை. திட்டுவதா, அவளைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. "நேரமாச்சு" என்றேன். அவள் பொட்டலத்தை என் பைக்குள் வைத்தாள்.

தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் முறை. சன்னலோரம் இடம் கிடைத்தது. கழுத்து தெரியாமல் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "ஏம்மா, இந்த வேக்காட்டுல போத்திக்கினு" என்றார். குளிருது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நான் இவருக்கு அம்மையைக் கொடுக்கிறேனா, இல்லை வீணாகப் பயப்படுகிறேனா? பஸ் பூந்தமல்லியைத் தாண்டும் வரை இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலூருக்கு அந்தப் பக்கம் வெயில் மாறியது. சன்னல் வழியாக வந்த காற்று சுட்டது, ஆனால் உலர்ந்திருந்தது. வாணியம்பாடியில் என் ரவிக்கை காய்ந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் மாங்காய்க் கூடைகளைப் பார்த்தபோது கழுத்தைத் தடவினேன். அரிப்பு நின்று எவ்வளவு நேரமாயிற்று என்றே தெரியவில்லை. பையிலிருந்த அட்டையை எடுத்தேன். அதுவும் விறைத்திருந்தது. வளைந்த வளைவோடு விறைத்திருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. ஆனால் அப்பா வேப்பிலைக்கு முன்னால் நின்று பேசிய பிறகுதான் நான் புறப்பட்டேன். புறப்பட்டதால் அடங்கியதா, அவர் கேட்டதால் அடங்கியதா என்று ஒருவர் கேட்டால், அந்தப் பஸ்ஸில் அன்றைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?

அம்மா வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். தனியாக வந்ததற்குக் காரணம் கேட்டாள். சொன்னேன். தாவணியை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள்.

"உள்ள வராத. மாட்டுக்கொட்டாய்ல பாய் போடறேன்."

அங்கேயே கூழ் கொடுத்தாள், அங்கேயே படுத்தேன். நல்ல வறண்ட காற்று. மாட்டு மூச்சு வாசனையோடு நன்றாகத் தூங்கினேன். காலையில் அம்மா வெளிச்சத்தில் நிறுத்தி என் கையையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் லேசாக உரிந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

"ஒரே ராத்திரில எறங்கற ஆத்தாளை நான் கண்டதில்ல," என்றாள். எதையோ கேட்க வந்தது போல இருந்தது. கேட்கவில்லை. "சரி, தலைக்கு ஊத்திக்கிட்டுப் போ" என்று அவளே வெந்நீர்ப் பானையை இறக்கினாள். ஊற்றும் முன் என் நெற்றியில் இன்னொரு முறை கை வைத்துப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். விவசாயம் என்றேன். வீட்டில் வேறு யார் படித்தவர்கள் என்றார்கள். யாருமில்லை, நான்தான் முதல் என்றேன். அதைச் சொல்லும்போது நிமிர்ந்துதான் சொன்னேன். வளைந்த அட்டையை வாங்கிப் பார்த்தவர் அதை மேஜையில் அழுத்தி நேராக்கப் பார்த்தார். மெட்ராஸ் போயிருந்தேன் சார், அங்கே வெயில் என்றேன். அவருக்கு இரண்டுக்கும் சம்பந்தம் புரியவில்லை.

அப்பா அடுத்த வாரக் கடைசியில் வந்தார். இளைத்திருந்தார், கழுத்து முழுக்க அவருக்கும் காய்ந்த பொரி. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பையனைப் பற்றிக் கேட்டாள்.

"நல்லாருக்கறான். இவ போன அன்னிக்கு சாயங்காலமே அவனைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன்."

"வாசலத் தாண்டமாட்டேன்னு சொன்னீங்களேப்பா," என்றேன்.

"மாடி அதே வூடுதான? தெருவுக்கா போனேன்?" சொம்பைக் கீழே வைத்தார். "ஆத்தாளுக்குக் கடக்காத்து புடிக்குதுன்னு நீதான காட்டுன. அதான் தெனமும் காத்து திரும்புற நேரத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போயி உக்காந்துக்கிட்டேன். நாலாம் நாளு எல்லாம் எறங்கிருச்சு. மூணு தண்ணி ஊத்திட்டுத்தான் வந்தேன். பக்கத்தூட்டம்மாகூட வந்து கொழந்தையத் தூக்கிப் பாத்துச்சு. பெரியவரே, உன்கூடவே காத்தும் மேல வருதேன்னு கிண்டல் பண்ணுது."

நான் சொன்னதைத்தான் அவர் செய்திருந்தார். நான் சொன்ன காரணத்துக்காகச் செய்யவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான்.

"பெரியபாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துருக்கலாமே," என்றாள் அம்மா.

"கூப்ட்டேன். வரலேன்னுட்டா. இப்ப சன்னலத் தொறந்துட்டீங்க இல்ல, போதும்ப்பா, அப்படிங்கறா." அவருக்கும் அது புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "உம் பேரு வந்துச்சா?"

"வந்துருச்சுங்கப்பா. நேத்துதான் போர்டுல போட்டாங்க."

அப்பா துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். வியர்வை இல்லை, எங்கள் ஊரில் அந்த நேரத்தில் வியர்க்காது. வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். பானையை நான்தான் தலையில் வைத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொல்லலாமா என்று வீட்டை விட்டுப் புறப்படும்வரை யோசித்தேன். அப்பா எனக்காகப் பிணை இருந்தவர். பிணை இருந்தவரை மீட்க வேண்டியது யார் பொறுப்பு என்று புத்தகத்தில் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

வரிசையில் சொம்போடு நின்ற ஒரு பெரியம்மா கேட்டாள். "டீச்சருக்குப் படிக்கப் போறியாமே. ஊட்டுல யாருக்கு கண்ணு அம்ம போட்டிருந்துச்சு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி யாருக்கோ கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"மெட்ராஸ்ல வெயில் ஜாஸ்திங்க பெரியம்மா," என்றேன். "சொம்பை இப்படிப் புடிங்க."